ஆறு மா நிலத்துக்காரருக்குத் திறக்காத தாள்

போன தை மாதம் எங்கள் குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பி.ஜி.எஸ். குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு ஆறு மா நிலம். டெல்டாவுக்கு வெளியே இருந்து படிக்கும் உழவர்களுக்காகச் சொல்கிறேன், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆறு மாவிலும் மாப்பிள்ளைச் சம்பா. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, பஞ்சகவ்யம் விட்டு, மழைக்குச் சாயாமல் காப்பாற்றிக் களத்துக்குக் கொண்டு வந்திருந்தார். சென்னையிலிருந்து வந்த இயற்கை அங்காடிக்காரர் நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். ஈரம் சரி. தூசி, கலப்பு இல்லை. விலையும் பேசியாச்சு. பிறகு எங்கள் சான்றோடு சேர்ந்த உறுப்பினர் பட்டியலையும் பெரியவரின் பட்டாவையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். பட்டாவில் புல எண் 118/3. பட்டியலில் 113/8.

"நெல்லு மேல சந்தேகம் இல்லைங்கய்யா. ஆனா எண் பொருந்தாத சரக்கை இயற்கை நெல்லுன்னு நான் பில் போட முடியாது. திருத்தி வாங்கிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த களத்துக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. திருத்தி வாங்க நாளாகும். பெரியவருக்கோ நகைக்கடன் தவணை தலைக்கு மேலே நின்றது. உள்ளூர் வியாபாரியிடம் சாதா நெல் விலைக்கே போட்டுவிட்டு, வெறும் படுதாவை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பட்டியலின் வரைவை நாங்கள் புரட்டாசியிலேயே எல்லா உறுப்பினருக்கும் குழுவின் செயலி வழியாக அனுப்பியிருந்தோம். 'உங்கள் பெயர், புல எண், பரப்பு சரியா என்று பார்த்துச் சொல்லவும்' என்று குறிப்பும் இருந்தது. அவருக்கும் போயிருக்கிறது. கேட்டேன்.

"வந்துச்சு சார். அமுக்கினேன். ஏதோ இங்கிலீஷ்ல ஒரு வரி வந்துச்சு, போயிடுச்சு. திரும்ப அமுக்கினேன், திரும்பவும் அதே. சரி, நல்ல சேதியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் செல்போனை வாங்கி நானே அமுக்கிப் பார்த்தேன். கோப்பு இறங்கியது. வெறும் எண்களால் ஆன ஒரு பெயரோடு எங்கோ போய் உட்கார்ந்தது. அதைத் திறக்க இந்தக் கருவியில் செயலி இல்லை என்று ஒரு வரி வந்து மறைந்தது. டவுன்லோட் போல்டரைத் தேடிப் போனால், முன்பு அமுக்கியபோதெல்லாம் இறங்கிய அதே கோப்பு ஒன்பது தடவை கிடந்தது. ஒன்பது முறை முயற்சி பண்ணியிருக்கிறார் மனுஷன்.

நான் முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் இருந்தவன். அதில் பாதி கிராமக் கிளைகளில். கடன் பத்திரங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்களிடம், 'இதில் உள்ளவை எனக்குப் படித்து விளக்கப்பட்டன, புரிந்துகொண்டேன்' என்று ஒரு வரி சேர்த்து வாங்குவோம். எத்தனை பேருக்கு நிஜமாகவே படித்து விளக்கினேன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். வெளியே நாற்பது பேர் நிற்கும்போது "இங்க போடுங்க, இங்க போடுங்க" என்று விரலால் காட்டிக்கொண்டே போயிருக்கிறேன். ரிட்டயர் ஆகி, வயல் வாங்கி, இயற்கை வழிக்கு வந்து, குழுவின் கணக்கு வழக்கையும் தலையில் போட்டுக்கொண்ட பிறகும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குப் பட்டது. அன்று மேசைக்கு அந்தப் பக்கம் காகிதம், இப்போது செல்போன்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். நம் செயலிக்குள்ளேயே ஆவணத்தைத் திறந்து காட்டும் வசதி வைக்க வேண்டும். பையன்கள் மொழியில் இதற்கு 'டாக்குமென்ட் வியூவர்' என்று பெயர். உழவர் குழுக்களும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இப்போது ஆளுக்கொரு செயலி செய்துகொண்டிருக்கிற காலம். அதனால் எங்களுக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நாள் வேலை

செயலி செய்து கொடுத்தவர்களிடம் கேட்டதும், "ஒரு நாள் வேலை சார்" என்றார்கள். மறுநாளே செய்தும் காட்டினார்கள். தொட்டால் பட்டியல் திறந்தது. விரலால் தள்ளினால் பக்கம் நகர்ந்தது. கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வங்கிக்காரன் புத்தி. எது சுலபமாக நடந்தாலும் வவுச்சரைத் தேடும்.

"தம்பி, ஆண்ட்ராய்டு போனில் செயலிக்குள் வைக்கிற பிரவுசர் சன்னல் பிடிஎஃப் கோப்பைத் தானாகக் காட்டாது என்று படித்தேனே, இது எப்படிக் காட்டுது?" என்றேன்.

பையன் ஒளிக்காமல் சொன்னான். இணையத்தில் இலவசமாக ஆவணம் காட்டும் பக்கங்கள் இருக்கின்றன. நம் கோப்பின் முகவரியை அங்கே கொடுத்தால், அது நம் சர்வரிலிருந்து கோப்பை எடுத்துப் படமாக்கி, நம் செயலிச் சன்னலில் காட்டும். நம் பக்கத்தில் வேலையே இல்லை.

"அது எடுக்கணும்னா நம்ம சர்வரில் பூட்டு இருந்தா எப்படி எடுக்கும்?"

"பூட்டு இருந்தா எடுக்காது சார். அதனால அந்த போல்டரை மட்டும் பப்ளிக் ஆக்கிட்டோம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அந்த முகவரியை அப்படியே எழுதி வாங்கி வந்து, வீட்டில் என் மனைவியின் போனில் போட்டேன். அவர் எங்கள் குழு உறுப்பினர் இல்லை. அந்தப் போனில் எங்கள் செயலியும் இல்லை. பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஓ.டி.பி. கேட்கவில்லை. பட்டியல் திறந்தது. முகவரியின் கடைசியில் இருந்த எண்ணை ஒன்று கூட்டிப் போட்டேன். வேறொரு உறுப்பினரின் ஆதார் அட்டை திறந்தது. இன்னும் ஒன்று கூட்டினேன். வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், போட்டோவோடு. அடுத்தது பட்டா. அதற்கு அடுத்தது ஒரு அம்மாவின் கணவருடைய இறப்புச் சான்று.

என் சர்வீஸில் லாக்கர் சாவி தொலைந்த நாளில்கூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை. வாடிக்கையாளருக்கு லெட்ஜரைக் காட்ட வசதி கேட்டால், லெட்ஜரைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்ட கதையாகிவிட்டது. ஆதார் எண், கைபேசி எண், கணக்கு எண், முகம், கையெழுத்து எல்லாம் ஒரே இடத்தில். ஏமாற்றுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இரவு பதினொன்றரை மணிக்குப் பையனை எழுப்பி அந்தக் கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினான். யாராவது வந்து எடுத்துப் போனார்களா என்று சர்வர் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னோம். எங்களவர்கள் தவிர யாரும் வந்த தடம் இல்லை என்றான். கதவு திறந்திருந்தது ஒரு நாள்தான்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் கேட்டது 'தெரியணும்' என்பது மட்டும். தெரிகிற மாதிரி செய்தான். 'யாருக்குத் தெரியணும், யாருக்குத் தெரியக் கூடாது' என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். உங்கள் குழுவின் செயலியில் ஆவணம் திறக்கிறது என்றால், இந்தச் சோதனையை இன்றைக்கே செய்துபாருங்கள். கோப்பின் முகவரியை உங்கள் செயலியே இல்லாத ஒரு போனில் போடுங்கள். திறந்தால் உங்கள் கதவும் திறந்திருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்திலும் ஒருமுறை திறந்துபாருங்கள். இந்த மாதிரி வெளியிலிருந்து படம் வாங்கிக் காட்டும் வழி வயலில் வேலைக்கே ஆகாது. எங்கள் வாய்க்கால் கரையில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம்.

போனுக்குள்ளேயே வரைவது

சரியான வழி வேறு. கோப்பைப் பூட்டோடு, உறுப்பினர் உள்ளே நுழைந்த பிறகு மட்டும் போனுக்கு இறக்க வேண்டும். செயலிக்கென்று இருக்கும் தனி இடத்தில் வைக்க வேண்டும். போனே அதை வரைந்து காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கான கருவி 2014-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. ஐபோனில் 2017 முதல் இன்னும் வசதியான கருவி உண்டு. ஆனால் எங்கள் குழுவில் ஐபோன் என்பது யாரோ ஒருவரின் பேரன் ஊருக்கு வரும்போது கண்ணில் படுவது.

பிடிஎஃப் என்றால் என்ன என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. அடோபி நிறுவனம் 1993-ல் கொண்டுவந்தது. 2008-ல் உலகப் பொதுத் தரமாகவும் ஆனது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்த பிரிண்டரில் அடித்தாலும் தாள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால் அது 'இந்த இடத்தில் இந்த உருவத்தை வை' என்கிற கட்டளைகளின் கட்டு. ஏ4 தாள் ஏ4 தாளாகவே இருக்கும். செல்போன் திரை சின்னது என்பதற்காக வரிகளை மடித்துக் கொடுக்காது. அச்சுக்கு அது பெரிய வரம். கண்ணாடி போட்ட அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு உள்ளங்கையில் அது பெரிய தொல்லை.

ஆண்ட்ராய்டின் அந்தக் கருவி ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படமாக வரைந்து கொடுக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1080 புள்ளி அகலத் திரைக்கு ஒரு ஏ4 பக்கம் வரைந்தால் உயரம் சுமார் 1527 புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட். பெருக்கினால் ஒரு பக்கத்துக்கு ஆறரை எம்பிக்கு மேல் போனின் நினைவகத்தில் இடம் பிடிக்கும். கோப்பு வெறும் 200 கேபியாக இருந்தாலும் சரி, வரைந்த படம் அவ்வளவு இடம் கேட்கும். எங்கள் குழுவின் உள்விதிப் புத்தகம் 42 பக்கம். முதலில் செய்த பதிப்பு 42 பக்கத்தையும் ஒரே மூச்சில் வரையப் போய், ஏறக்குறைய 280 எம்பி கேட்டு, பழைய போன்களில் செயலியே மூடிக்கொண்டது. புது போனில் மட்டும் சோதித்துவிட்டு "ஓடுது சார்" என்றிருந்தார்கள். பிறகு கண்ணுக்கு முன்னால் இருக்கும் பக்கம், அதற்கு முன்பின் ஒவ்வொன்று, அவ்வளவுதான் வரைவது என்று மாற்றினார்கள். அதன்பின் ஆறு வருஷப் பழைய போனிலும் ஓடியது. சோதனைக்கு உங்கள் குழுவிலேயே மோசமான போன் யாரிடம் இருக்கிறதோ அதைக் கொடுங்கள்.

அடுத்த தகராறு புலப்படத்தில் வந்தது. எஃப்.எம்.பி. என்று சொல்கிறோமே, அந்த அளவுப் படத்தில் உழவருக்கு வேண்டியதே மூலையில் பொடியாக எழுதியிருக்கும் மீட்டர் கணக்குதான். விரித்துப் பார்த்தால் எழுத்து பெரிசாகவில்லை, கலங்கியது. ஏற்கெனவே வரைந்த படத்தையே இழுத்துக் காட்டியதால் அப்படி. விரித்த அளவுக்கு ஏற்ப அந்தத் துண்டை மட்டும் மறுபடி வரையச் சொன்னோம். கோடு சுத்தமாக விழுந்தது. இது ஒன்றுக்கே மூன்று வாரம் ஆனது.

கூலி? முதலில் சொன்ன ஒரு நாள் வேலை கடைசியில் இரண்டரை மாதம் ஆகி, செலவு நான்கு மடங்கானது. கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னேன். அதோடு அதை விடுகிறேன்.

ஆதார் திறக்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று

இறக்கிய இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருஷம். ஆண்ட்ராய்டின் உள்கருவி பூட்டிய கோப்பை நீண்ட காலம் திறக்காது. 15-ஆம் பதிப்பில்தான் அந்த வசதி வந்தது. எங்களவர்களிடம் இருப்பதெல்லாம் அதற்கு முந்தைய போன்கள். "தனியா ஒரு லைப்ரரி சேர்க்கணும் சார், செயலியோட சைஸ் கூடும்" என்றான் பையன்.

அப்போது குழுவின் செயலாளர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "நம்ம சர்வர்ல ஆதார் எதுக்குங்க இருக்கு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. சேரும்போது கேட்டோம், கொடுத்தார்கள், வைத்திருந்தோம். வங்கியில் கே.ஒய்.சி. என்று எல்லாவற்றையும் வாங்கி ஃபைலில் குத்திப் பழகிய கை என்னுடையது. உறுப்பினரை அடையாளம் பார்த்தாச்சு என்றால் நகல் எதற்கு? தேவைப்பட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் போதும். அன்றைக்கே எல்லா ஆதார் நகலையும் பாஸ்புக் பக்கங்களையும் சர்வரிலிருந்து அழித்தோம். பீரோவில் இருந்த ஜெராக்ஸ் கட்டை உரியவர்களிடமே கொடுத்தோம். ஆவணம் காட்டும் வசதி செய்யப் போய், எதை வைத்திருக்கவே கூடாது என்பதைக் கண்டுபிடித்தோம். இந்த இரண்டரை மாதத்தில் நாங்கள் செய்த உருப்படியான வேலை இதுதான் என்பது என் கட்சி. செயலாளர் அம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்குத் தமிழ் எழுத்து விவகாரம்தான் பெரிது. அதையும் சொல்கிறேன்.

எங்கள் பழைய பயிற்சிக் குறிப்புகள் யூனிகோடு பரவுவதற்கு முன்பிருந்த எழுத்துருக்களில் அடித்தவை. பாமினி, வானவில் என்று டி.டி.பி. சென்டரில் கேட்டிருப்பீர்கள். கண்ணுக்கு 'பஞ்சகவ்யம்' என்று தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. தேடு கட்டத்தில் தமிழில் அடித்தால் எதுவும் அகப்படாது. போனைப் படித்துக் காட்டச் சொன்னால், அது பாட்டுக்கு ஆங்கில எழுத்துகளை உளறும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனால் அச்சகங்களின் பழைய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. யூனிகோடில் செய்த பிடிஎஃப்பிலும் சிக்கல் உண்டு. 'கொ' என்பதைப் பக்கத்தில் வரையும்போது கொம்பு, க, கால் என்று மூன்று உருவமாக வைக்கிறது. கோப்பைச் செய்த மென்பொருள் சரியாகக் குறித்து வைக்காவிட்டால், 'கொழிஞ்சி' என்று தேடினால் கிடைக்காது. கண்ணுக்கு எதிரே இருக்கும்!

செயலாளர் அம்மா சொன்ன வழி எளிமையானது. முக்கியமான விஷயம் நாலே வரிதான்: பெயர், புல எண், பரப்பு, பயிர். அதைச் செயலியிலேயே பெரிய எழுத்தில், சாதாரணத் தமிழில் காட்டுங்கள். பக்கத்தில் காதில் கேட்க ஒரு பொத்தான். கீழே முழு ஆவணம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு மேலே உள்ளது போதும். வியாபாரிக்குக் காட்டக் கீழே உள்ளது. அப்படியே செய்தோம். வேர்டு, எக்செல் கோப்பு எதையும் உறுப்பினருக்கு அனுப்பக் கூடாது என்றும் விதி போட்டோம். ஒவ்வொரு போனிலும் அவை ஒவ்வொரு கோலத்தில் திறக்கும், பாதிப் போனில் திறக்கவே திறக்காது.

வயலில் வைத்துச் சோதித்ததில் இன்னும் சில தெரிந்தன. இரண்டு விரலால் விரிப்பது ஒரு கையில் மண்வெட்டி இருக்கும்போது நடக்காது. அதனால் இரண்டு தட்டுத் தட்டினால் பெரிதாகும்படி வைத்தோம். பல பெண் உறுப்பினர்களிடம் இருப்பது வீட்டுக்கே பொதுவான போன், பெரும்பாலும் மகனுடையது. அதனால் 'கடைசியாகத் திறந்தவை' என்ற பட்டியலை எடுத்துவிட்டோம். வங்கிச் செயலிகள் மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாமல் தடுக்கலாமா என்றான் பையன். வேண்டாம் என்றேன். அது அவருடைய பட்டா. படம் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பட்டும்.

இன்னொன்றும் சொல்லிவைக்க வேண்டும். திரையில் அழகாகத் தெரிவதாலேயே ஒரு தாள் உண்மையான தாள் ஆகிவிடாது. மின் கையெழுத்துப் போட்ட கோப்பையும், அதைத் திருத்தியமைத்த போலியையும் நாங்கள் செய்த மாதிரி எளிய வசதி ஒரே மாதிரிதான் காட்டும். பட்டாவைச் சரிபார்க்க அதில் அச்சிட்டிருக்கும் குறிப்பு எண்ணை வைத்து அரசின் இணையச் சேவைப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். எங்களிடம் வாங்க வருகிறவர்களுக்கும் இதையே சொல்லிவிடுகிறோம்.

'திறந்தாச்சு' என்ற பதிவு

கடைசியாக ஒரு சண்டை. யார் எந்தத் தாளை எந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று பதிவு செய்யலாம் என்றார்கள். கமிட்டியில் எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. "இனிமே யாரும் எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது பாருங்க" என்றார் ஒருவர்.

நான் ஒருவன்தான் எதிர்த்தேன். எனக்கு அந்தப் பழைய வரி ஞாபகம் வந்தது: 'படித்து விளக்கப்பட்டன, புரிந்துகொண்டேன்.' அந்த வரி கடன் வாங்கியவரைக் காப்பாற்றியதே இல்லை. எங்களைத்தான் காப்பாற்றியது. திறந்த நேரத்தைப் பதிவு செய்தால், நாளைக்கு இன்னொரு பெரியவரின் புல எண் தப்பாகும்போது அவர் முகத்துக்கு எதிரே நீட்ட நமக்கு ஒரு தாள் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு கூட்டம் இதிலேயே போனது. முடிவில் பதிவு வேண்டாம், ஒரு கேள்வி மட்டும் போதும் என்று ஆனது. நான்கு வரிக்குக் கீழே 'சரி', 'தவறு' என்று இரண்டு பொத்தான். எதையும் அமுக்காதவர்களை ஒரு வாரம் கழித்து யாராவது நேரில் போய்ப் பார்ப்பது. எங்கள் பகுதியில் அந்த 'யாராவது' நான்தான்.

இந்த வருஷப் புரட்டாசியில் வரைவு போனது. மூன்றாம் நாள் பெரியவர் கூப்பிட்டார்.

"சார், திறந்துடுச்சு. பேரு சரியா இருக்கு. புல எண் 118/3, அதுவும் சரி. பரப்பு மட்டும் 0.81-ன்னு போட்டிருக்கு. எனக்கு ஆறு மா ஆச்சே?"

"அது ஹெக்டேர் கணக்கு அண்ணே. 0.81-ன்னா 81 ஏர். ஒரு ஏருக்கு 2.47 சென்ட். பெருக்கிப் பாருங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இருநூறு சென்ட். ரெண்டு ஏக்கர். சரியா வருது" என்றார். பிறகு, "கீழ இருக்கிற பட்டாவையும் பார்த்தேன் சார். விரிச்சா நல்லாத் தெரியுது. இதுல எங்க அண்ணன் பேரும் இருக்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய அண்ணன் இறந்து பதினோரு வருஷம். அதற்கும் முன்பே வாய்வார்த்தையாகப் பாகம் பிரித்து, 118/3 இவருக்கு, 118/4 அவருக்கு என்று இரண்டு குடும்பமும் தனித்தனியாகச் சாகுபடி செய்துவருகின்றன. பட்டா மட்டும் இரண்டு பேர் பெயரிலும் கூட்டாகவே நிற்கிறது. இ-சேவை மையத்துப் பையன் அதை இறக்கி நேராகக் குழுவுக்கே அனுப்பிவிட்டான். இவர் கண்ணிலேயே படவில்லை. என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மூன்று வருஷமாக அந்தத் தாளை நான்தான் ஃபைலில் வைத்திருக்கிறேன். போன தையில் களத்தில் புல எண்ணை ஒத்துப் பார்த்தபோதுகூடப் பெயரை நான் பார்க்கவில்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும், அதற்கு அண்ணனின் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், அதன்பின் பட்டா மாறுதலுக்கு மனு போடலாம், புல எண் ஏற்கெனவே தனித்தனியாக இருப்பதால் புதிதாக உட்பிரிவு அளக்க வேண்டியிருக்காது என்று சொன்னேன். அண்ணன் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

"இந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்ப முடியுமா சார்?"

"மேல வலது பக்கம் அம்பு மாதிரி இருக்கும். அதை அமுக்குங்க."

அமுக்கினார். போய்விட்டது. மறுநாள் காலையில் என் வயலுக்கே வந்து போனைக் காட்டினார். இதை எழுதும் நாள் வரை திருப்பூரிலிருந்து பதில் வரவில்லை. இரண்டு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.